கிண்ணங்கள் பெருகிய குடாநாடு

யாழ்ப்பாணத்து விளையாட்டு என்றவுடன் வெளியூரவர்க்கு முதலில் ஞாபகம் வருவது, 1904ஆம் ஆண்டு தொடங்கி மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடிவருகின்ற ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்னும் கிரிக்கெட் ஆட்டமே. பழைய மாணவர்கள் கடல்கடந்து வந்து கூடுகிறார்கள். பத்திரிகைகள் விசேஷ அனுபந்தம் வெளியிடுகின்றன. பட்டணம் மூன்று நாள் அமளிப்படுகிறது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பாடசாலை மதிலுக்கு வெளியே, வள்ளங்கள் இழுத்துவிடப்பட்டிருக்கும் கரைகளிலும், வெங்காயமும் புகையிலையும் விளைகின்ற செம்மண் கிராமங்களிலும், ஜனங்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு, தங்கள் பிள்ளைகளைக் கொண்டு, தங்கள் ஊர்ப் பெயரால் நடத்துகிற விளையாட்டு எதுவென்று விசாரித்தால், அது உதைபந்தாட்டம்தான் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இராது.

குருநகரில் பாடும்மீன், பாசையூரில் சென். அன்ரனிஸ், நாவாந்துறை என்ற ஒரே ஊரில் சென். மேரிஸ், சென். நீக்கிலஸ் என்று இரண்டு, இளவாலையில் யங்ஹென்றிசியன்ஸ், ஊரெழுவில் றோயல், மயிலங்காட்டில் ஞானமுருகன், வடமராட்சிப் பக்கம் போனால் நவிண்டில் கலைமதி, வதிரி டயமன்ட்ஸ் என இந்த நாமாவளியை ஓதிக்கொண்டே போகலாம். அர்ச்சியசிஷ்டர்களும் முருகப்பெருமானும், இங்கிலாந்து அரசகுடும்பத்து விருதும் தமிழாசிரியர் ஒருவர் வைத்துக் கொடுத்தது போன்ற தூய தமிழ்ப் பெயரும் ஒரே போட்டி அட்டவணையில் அடுத்தடுத்து நிற்பதைக் காணும்போது, இந்தக் குடாநாட்டின் நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரத்தை யாரோ சுருக்கி எழுதி ஒட்டிவைத்தது போலிருக்கும்.

இந்தக் கழகங்கள் எல்லாம் கீழ்ப்பிரிவுக் கழகங்களே. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஏணியில் உச்சிப்படி ஒன்று உண்டு. அதற்குக் கீழே முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று படிகள் இறங்குகின்றன. அவற்றுக்கும் கீழே தரையோடு தரையாக இருப்பவை பிரதேச லீக்குகள். குடாநாட்டில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, பருத்தித்துறை என்று லீக்குகள் தனித்தனியே இயங்குகின்றன; கழகங்கள் தத்தமக்குரிய லீக்கில் பதிவு செய்துகொள்கின்றன. இப்படிப்பட்ட ஒரு கழகத்துக்கு ஒரு வருஷம் எப்படிக் கழிகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன். சொல்லும்போது ஒரு குறையையும் சொல்லவேண்டியிருக்கிறது. இங்கே கழகம் இருக்கிறது, ஆட்டக்காரர் இருக்கிறார்கள், பார்ப்பதற்கு ஜனம் இருக்கிறது, கிண்ணங்களோ அலுமாரி கொள்ளாமல் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே: தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெரிந்த ஒரு பருவம்.

ஊர்க் கழகம் என்பது கம்பனி அன்று. போஷகர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பங்குத் தந்தையோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ, ஊரில் கடை வைத்திருப்பவரோ. தலைவர், காரியதரிசி, தனாதிகாரி ஆகியோர் வருஷாந்தப் பொதுக்கூட்டத்தில் தெரிவு செய்யப்படுவார்கள். அந்தக் கூட்டம் சனசமூக நிலையத்திலோ வாசிகசாலைத் திண்ணையிலோ நடக்கும். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கிடையாது. அவன் விடியற்புறம் கடலுக்குப் போய் வருபவனாக இருப்பான், அல்லது மேசன் வேலைக்கு உதவியாளனாக, கச்சேரியில் எழுதுவினைஞனாக, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனாக இருப்பான். பின்னேரம் ஐந்து மணிக்கு அவர்கள் எல்லோரும் ஒரே நிறத்துக் காற்சட்டையில் நிற்பார்கள். தகப்பன் ஆடிய இடத்தில் மகன் ஆடுவதும், அண்ணன் கோல்காப்பாளனாக நின்ற கம்பங்களுக்கு நடுவே தம்பி நிற்பதும் இங்கே சர்வசாதாரணம்.

அத்தகைய கழகமொன்றின் தனாதிகாரியிடம் அவருடைய கணக்குக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒற்றைக்கோட்டுக் கொப்பி, அட்டையில் பிள்ளையார் சுழி. பந்து, சுண்ணாம்பு, மத்தியஸ்தர் கொடுப்பனவு, ஐஸ், சோடா, வான் கூலி, வலை தைத்த நூல், கால் முறிந்த பையனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று இடப்பக்கம் முழுவதும் செலவு. வலப்பக்கத்தில் வரவு: சந்தா என்ற சொல் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தது, மற்றவையெல்லாம் ‘கனடா’, ‘சுவிஸ்’, ‘பாரிஸ் சின்னண்ணை’ என்று நாட்டின் பெயராலும் உறவின் பெயராலும் எழுதப்பட்டிருந்தன. கொப்பியைத் திருப்பித் தந்தபோது அவர் கண்ணாடி அலுமாரியைக் காட்டிச் சொன்னார்: “அண்ணை, உந்தக் கிண்ணங்களை வைக்க இனி இடம் காணாது. ஆனா வாற மாசம் ஆரோடை விளையாட்டு எண்டு கேட்டியளெண்டா, அது எனக்கும் தெரியாது, லீக்கிலை இருக்கிறவைக்கும் தெரியாது.”

வருஷம் தை மாதத்தோடு தொடங்குகிறது என்று சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கின்ற வாடைமழையில் மைதானங்கள் பாதி குளமாகிக் கிடக்கும்; பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏறுகிற வேளையில் தண்ணீர் வற்றிப் புல் தலைகாட்டும். அந்த மாசி, பங்குனி மாதங்களிலே குடாநாட்டு மைதானம் கண்ணுக்கு அழகாயும் காலுக்கு இதமாயும் இருக்கும். ஆனால் அந்த அருமையான காலத்தில் பாடசாலைகளில் கிரிக்கெட்டும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் நடப்பதால், கழகத்து இளம் ஆட்டக்காரரிற் பாதிப்பேர் அங்கே போய்விடுவார்கள். சித்திரைக்குப் பின் வெயில் ஏறும்; சோளகக் காற்று எழும்; புல் கருகி, வலிகாமத்துச் செம்மண் பொடியாகப் பறக்கும்; உயர உதைத்த பந்து காற்றோடு போய்ப் பனை வடலிக்குள் விழும். அந்தக் கடுங்காலத்தில்தான் சுற்றுப்போட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன.

ஏனென்றால் போட்டி நடைபெறும் தேதியை உதைபந்தாட்டத்தின் சௌகரியம் நிர்ணயிப்பதில்லை. ஊரின் சௌகரியமே நிர்ணயிக்கிறது. பாசையூர் அந்தோனியாருக்கு ஆனி 13ஆம் திகதி பெருநாள். ஆவணியில் மடுமாதா திருவிழா. நல்லூரில் இருபத்தைந்து நாள் மகோற்சவம். அந்தந்த ஊர் அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் தேர், தீர்த்தம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஜனங்கள் வருவதும் ஆடி, ஆவணியில்தான். நன்கொடையாளர் வந்து நிற்கும்போது போட்டி நடவாவிட்டால் அடுத்த நன்கொடைக்கு எந்த முகத்தோடு எழுதுவது? இவற்றோடு, காலமான ஆட்டக்காரர், ஆசிரியர், ஊர்ப்பெரியவர் ஆகியோரின் நினைவாக அவர்களுடைய குடும்பத்தார் நடத்துகிற ஞாபகார்த்தப் போட்டிகள் வேறு. இறந்தவனுக்குக் கல்லறையோ அன்னதானமோ போதாது, அவன் ஆடிய மண்ணில் அவன் பெயரால் பந்து உருளவேண்டும் என்று நினைக்கிற ஒரு சமூகத்தின் மனோபாவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் விளைவைப் பற்றித்தான் எனக்கு முறைப்பாடு.

அப்படியான ஓர் இறுதியாட்டத்தைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். நாலு மணிக்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். முதலில் பக்திப்பாடல், பிறகு சினிமாப்பாட்டு, பிறகு அறிவிப்பாளரின் குரல். சுண்ணாம்புக் கோடு போட்ட பையன் வாளியும் கையுமாக ஒதுங்க, இரு கழகத்தாரும் வரிசையாக நடந்து வந்து பிரதம விருந்தினருக்குக் கைகொடுப்பார்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள மதிலெங்கும் சிறுவர். ஆட்டோக்களின் கூரைமேலும் சிறுவர். கோல் கம்பத்துக்குப் பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிய முதியவர்கள். இந்த முதியவர்களே இலவசப் பயிற்றுநர்கள். “டேய் தம்பி, பந்தை வைச்சுக்கொண்டு கோலம் போடாதை, குடுத்திட்டு ஓடு!” என்று ஒருவர் உபதேசிக்க, “அவனை விடுங்கோ, அவன் தேப்பன் மாதிரித்தான், ஒருத்தருக்கும் குடான்” என்று மற்றவர் வம்சாவளி சொல்லுவார். இரவு ஆட்டமென்றால் மின்னொளிக் கம்பங்களைச் சுற்றி ஈசல் பறக்கும். கச்சான் கடலைக்காரி ஒருத்தி மைதானத்தின் நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் நிற்பதாகத் தோன்றும். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடிந்தால் சமநிலை தவிர்ப்பு உதை. அப்போது அறிவிப்பாளரும் மௌனமாவார். வென்ற அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெடி கொளுத்தி, பாண்ட் வாத்தியத்தோடு ஊருக்குப் போவார்கள். தோற்ற ஊர்க்காரர் மத்தியஸ்தரின் கண்பார்வையைப் பற்றிப் பேசியவண்ணம் சைக்கிள்களைத் தேடுவார்கள். சில வேளை பேச்சோடு நில்லாமல் கைகலப்பில் முடிந்து, போட்டியே கைவிடப்பட்டதும் உண்டு. ஊரின் எல்லை, கோயிலின் எல்லை, சாதியின் எல்லை என்று பழைய கோடுகள் பல கழகத்தின் எல்லையோடு ஒன்றுபட்டுக் கிடப்பதால், ஒரு தவறான விசிலுக்கு இங்கே வேறிடங்களில் இல்லாத பாரம் ஏறிவிடுகிறது.

இந்தப் போட்டிகளிற் பெரும்பாலானவை விலகல் முறையில் நடப்பவை. அணிக்கு ஒன்பது பேர், ஏழு பேர் என்று குறைத்து ஆடுவனவும் பல. விலகல் முறையின் கணக்கு எளிது. எளிதாயிருப்பதாலேயே அதன் கொடுமை பலருக்குப் புலப்படுவதில்லை. 32 கழகங்கள் பங்குபற்றும் ஒரு போட்டியிலே மொத்தம் 31 ஆட்டங்கள் நடக்கும். அவற்றுள் முதற்சுற்றோடு 16 கழகங்கள், அதாவது வந்தவர்களிற் சரிபாதி, ஒரே ஓர் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். எந்தக் கழகத்துக்கு ஆட்டப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அந்தக் கழகமே முதலில் வெளியேறுகிறது. ஏற்கெனவே பலமுள்ளதற்கே இன்னும் இன்னும் ஆட்டம் கிடைக்கிறது. இதற்கு மாறாக, எட்டே எட்டுக் கழகங்களில் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் தன் மைதானத்தில் ஒருமுறை, எதிரியின் மைதானத்தில் ஒருமுறை என்று லீக் முறையில் ஆடினால், 56 ஆட்டங்கள் நடக்கும். கடைசியில் நிற்கிற கழகத்துக்கும் 14 ஆட்டங்கள் கிடைத்தேயிருக்கும்.

14 ஆட்டங்கள் என்றால் என்ன? முதல் மூன்றிலும் தோற்ற பயிற்றுநர் நாலாவதில் தன் அமைப்பை மாற்றிப் பார்க்கலாம். பதினெட்டு வயதுப் பையனை ஆறாவது ஆட்டத்தில் இறக்கி, அவன் பதற்றத்தால் செய்த பிழையைப் பொறுத்து, பன்னிரண்டாவது ஆட்டத்தில் அவனை ஓர் ஆட்டக்காரனாகக் காணலாம். விலகல் முறையில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. நாளை தோற்றால் நாளையோடு சரி என்றிருக்கும்போது பையனை இறக்க எவருக்குத் துணிவு வரும்? பக்கத்து ஊரிலிருந்து இரவல் ஆட்டக்காரனைத் தேடுவார்கள். கோல் போடுவதை விட்டுக் கோல் விழாமற் காத்து, தண்ட உதை வரைக்கும் ஆட்டத்தை இழுத்துச் செல்வார்கள். குடாநாட்டுக் கோல்காப்பாளர் தண்ட உதை தடுப்பதில் கெட்டிக்காரர் என்று ஒரு பெயர் உண்டு, பின்னே இராதா?

இந்த இடத்திலே அமெரிக்காவைச் சற்றுப் பார்ப்பது பயன்படும். உதைபந்தாட்டத்தில் அமெரிக்கர் நமக்கு ஆசிரியர்களா என்று குருநகர்க்காரர் சிரிக்கலாம், சிரிக்கட்டும். அங்கேயும் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் உண்டு. மோட்டார்க் கார்த் தொழிற்சாலைகள் மூடுண்டு நலிந்துபோன டிட்ரோயிட் நகரத்தில் 2012ஆம் ஆண்டு சில இளைஞர் கூடித் தொடங்கிய டிட்ரோயிட் சிட்டி என்னும் கழகம், பக்கத்திலே ஹாம்ட்ராமிக் என்ற சிற்றூரில் 1936இல் கட்டப்பட்டுப் பாழடைந்து கிடந்த கீவேர்த் மைதானத்தைத் திருத்துவதற்கு, 2016இல் தன் ஆதரவாளரிடமிருந்தே ஏழு லட்சத்து நாற்பதாயிரம் டொலருக்கு மேல் திரட்டிக்கொண்டது. இதுவரைக்கும் கதை நம்முடைய ஊர்க் கதைதான். தொகையில் மாத்திரமே வித்தியாசம். ஆனால் 2022 தொடக்கம் இரண்டாம் படியில் ஆடுகிற அந்தக் கழகத்துக்குப் பங்குனி மாதத்திலிருந்து ஐப்பசி வரைக்கும், முப்பதுக்குக் குறையாத ஆட்டங்கள், எந்தச் சனிக்கிழமை எந்த நகரத்தில் யாரோடு என்று முன்கூட்டியே அச்சிட்டு வெளியாகின்றன. ஆதரவாளன் அதைச் சுவரில் ஒட்டிவைத்துத் தன் கலியாணத் தேதியைக்கூட அதைப் பார்த்து வைக்கிறான். நம்முடைய ஆதரவாளனோ உதயன் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைக் காலையில் விரித்து, அன்று பின்னேரம் தன் கழகம் ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்கிறான்.

அமெரிக்க முறையிலும் பெரியதொரு குறை உண்டு என்பதை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். 1996இல் தொடங்கிய அவர்களுடைய பெருலீக்கிலே கீழிருந்து வென்று மேலேறுவது என்பதே இல்லை. பெருந்தொகை கட்டி இடம் வாங்குவதே வழி. கீழ்ப்படிக் கழகங்களின் லீக்கு தங்களுக்குள்ளாவது ஏற்றமும் இறக்கமும் வேண்டுமென்று தீர்மானித்தது 2025இல்தான். நம் நாட்டிலே ஏணி காகிதத்திற் கிரமமாக இருக்கிறது. வென்றவன் ஏறலாம், தோற்றவன் இறங்குவான். ஆனால் 2021இல் சம்மேளனம் ‘சுப்பர் லீக்’ என்று புதிதாக உச்சிப்படி ஒன்றை அமைத்தபோது, அதிலே ஆடிய பத்துக் கழகங்களுள் வடமாகாணத்துக் கழகம் ஒன்றுதானும் இல்லை. அமெரிக்காவில் ஏணியே இல்லை; இங்கே ஏணி இருந்தும் அதன் கடைசிப்படி யாழ்ப்பாணத்து மண்ணைத் தொடவில்லை.

காரணம் திறமைக் குறைவு என்று கொழும்பிலே சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தப் பத்துக் கழகங்களுள் மூன்று, இராணுவத்தினதும் கடற்படையினதும் விமானப்படையினதும் அணிகள். இலங்கையிலே உதைபந்தாடிச் சீவிக்க விரும்பிய கிராமத்துப் பையனுக்கு நெடுங்காலமாக இருந்த வழி, முப்படையிலோ பொலிஸிலோ துறைமுகத்திலோ உத்தியோகம் பெற்று அந்தத் திணைக்களத்து அணியில் ஆடுவதே. அங்கே அவனுக்குச் சம்பளம் உண்டு, பயிற்றுநர் உண்டு, தினமும் பயிற்சிக்கு நேரம் உண்டு, வயதானால் ஓய்வூதியம் உண்டு. யுத்தகாலத்திலே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பையனுக்கு அந்தக் கதவு எத்தன்மையதாயிருந்தது என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தூரமும் ஒரு காரணம். கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஐப்பசியிலேதான் யாழ்ப்பாணம் திரும்பியது. தேசியப் பிரிவொன்றில் ஆட இடம் கிடைத்த கழகம், வெள்ளி இரவு பஸ் ஏறி, விடியப் போய் இறங்கி, கால் வீங்கியபடி ஆடி, அன்றிரவே திரும்பவேண்டும்; திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

யுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. ஆயினும் அதைச் சுருக்கமாகவே சொல்ல நினைக்கிறேன். 1990க்குப் பின் வலிகாமம் வடக்கிலே மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை முதலிய ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாகி, ஜனங்கள் வெளியேறினார்கள். மயிலிட்டித் துறைமுகத்தை மறுபடி அவர்கள் கண்டது 2017 ஆடியில். மைதானத்தை இழந்த ஊரின் இளைஞர், வேறோர் ஊரின் தரவையிலே தங்கள் ஊர்ப் பெயரைச் சட்டையில் பொறித்துக்கொண்டு ஆடியது உண்டு. மின்சாரமும் பற்றரியும் எரிபொருளும் தடைப்பட்டிருந்த அந்த வருஷங்களிலே, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். 1994இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தின் முடிவுகள் குடாநாட்டுக்குள் பல வீடுகளுக்கு அவ்வாறு மிதித்து வரவழைக்கப்பட்டவையே. 1993 கார்த்திகையில் குருநகர் யாகப்பர் ஆலயத்தின்மேல் குண்டு விழுந்தது. 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் வெறுமையாயிற்று. கழகக் கொப்பிகளும் புகைப்படங்களும் கிண்ணங்களும் அந்த இரவோடு போனவை போனவைதாம். இன்று அலுமாரிகளில் உள்ள கிண்ணங்களிற் பல அதற்குப் பிற்பட்டவையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

பட்டணத்து நடுவிலுள்ள துரையப்பா விளையாட்டரங்கின் சரித்திரமும் இதனோடு சேர்ந்தது. 1975 ஆடி 27இல் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய அந்த அரங்கு, தொண்ணூறுகளின் பிற்பகுதி தொடங்கிப் பாழாய்க் கிடந்தது. 1999இல் திருத்தவேலைக்காக நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இந்திய அரசின் உதவியோடு புதுக்கப்பட்டு, 2016 ஆனி 18ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரிலும் பிரதமர் மோடி டில்லியிலிருந்து காணொளி மூலமும் கலந்துகொள்ளத் திறந்துவைக்கப்பட்டது. இன்று குடாநாட்டில் ஓர் இறுதியாட்டம் துரையப்பாவில் நடக்கிறது என்றால் அதற்கொரு தனி மதிப்பு. 2018இல் ‘வடகிழக்கு பிரீமியர் லீக்’ என்ற பெயரில், ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்துப் பன்னிரண்டு அணிகள் மோதிய போட்டி நடந்தபோது, கீழ்ப்பிரிவு ஆட்டக்காரன் ஒருவனுக்கு அவனுடைய உழைப்பின் விலை இன்னதென்று முதன்முறையாக யாரோ சொன்னார்கள். ஊர்ப் பெயருக்குப் பழகிய ஜனங்களுக்கு அந்தப் புதிய அணிகளோடு ஒட்டிக்கொள்ளச் சற்றுச் சிரமமாகத்தான் இருந்தது.

அதன்பின் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி, மின்வெட்டு, எரிபொருள் வரிசை. மின்னொளி ஆட்டம் என்ற பேச்சே இல்லை; வான் கூலிக்குப் பணம் இருந்தாலும் வானுக்கு டீசல் இல்லை. மூச்சு விடுவதற்குள் 2023 தையில், சம்மேளனத்து நிர்வாகத்தில் வெளியார் தலையிட்டதாகக் கூறி, சர்வதேச உதைபந்தாட்ட ஸ்தாபனமான பீபா இலங்கையை இடைநிறுத்திற்று. ஆவணி முடிவில் அந்தத் தடை நீங்கியது. சம்மேளனத்துத் தேர்தலில் வாக்களிப்பவை பெரும்பாலும் லீக்குகளே என்பதை நாம் இங்கே கவனிக்கவேண்டும். தேர்தல் காலத்தில் பிரதேச லீக்குகளைத் தேடி வருகிற கொழும்புப் பெரியவர்கள், பந்தும் சட்டையும் தருவார்கள். ஒழுங்கான லீக் ஆட்ட அட்டவணை ஒன்றைத் தரவேண்டுமென்று அவர்களிடம் நம்மவர் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்பவன் கேட்டால்தானே கொடுப்பவன் கொடுப்பான்.

வெளிநாட்டிலுள்ள நம்மவரின் பங்கைப் பற்றி இருவேறு அபிப்பிராயம் உண்டு. அவர்கள் பணம் இல்லாவிட்டால் பல மைதானங்களில் மின்னொளிக் கம்பம் இல்லை, கோலுக்கு வலை இல்லை. அவர்களும் தங்கள் நாடுகளில் கோடைகாலத்தில் ஊர்க் கழகங்களின் பெயராலே சுற்றுப்போட்டி நடத்துகிறார்கள். அரசுகளின் அங்கீகாரம் இல்லாத தேசங்களுக்காக நடக்கும் கொனிபா உலகக் கிண்ணத்தில், 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும் தமிழீழ அணி என்ற பெயரில் அவர்களுடைய பிள்ளைகள் ஆடினார்கள். அண்மைக் காலத்திலே இலங்கைத் தேசிய அணியும் ஜெர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இளைஞரை அழைத்து ஆடவைக்கத் தொடங்கியிருக்கிறது; அவர்களுள் தமிழரும் உண்டு. இது நல்லதே. எனினும், ஊருக்கு வரும் நன்கொடை கிண்ணத்துக்கும் பரிசுப் பணத்துக்கும் எளிதில் வருகிறது. மத்தியஸ்தர் பயிற்சிக்கும் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களின் பயிற்றுநருக்கும் வருவதில்லை. கிண்ணத்தில் பெயர் பொறிக்கலாம். பயிற்றுநரின் நெற்றியில் பொறிக்க முடியாதல்லவா!

ஆட்டக்காரரை வளர்ப்பதில் பாடசாலைகள் எவ்வளவோ மேல். புனித பத்திரிசியார் கல்லூரியும் இளவாலைப் புனித ஹென்றியரசர் கல்லூரியும் கழகங்களுக்கு ஆட்டக்காரரை வார்த்துக் கொடுப்பவை. யங்ஹென்றிசியன்ஸ் என்ற பெயரே அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி. பெண்களுக்கோ பாடசாலையே எல்லாம். தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் வாகை சூடிய அணி. துவக்கத்தில் அந்தப் பிள்ளைகள் காற்சட்டை அணிவதைப் பற்றி முணுமுணுத்த பெரியவர்கள், பிற்காலத்தில் வரவேற்பு ஊர்வலத்தின் முன்வரிசையில் மாலையோடு நின்றார்கள். ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதிப் பாடசாலையை விட்டு வெளியேறும் அந்தப் பெண்ணுக்கு, அடுத்த சனிக்கிழமை ஆடுவதற்கு ஒரு கழகம் வேண்டும். கழகத்துக்கு ஓர் ஆட்டம் வேண்டும். ஆண்களுக்கே ஒழுங்கான அட்டவணை இல்லாத இடத்தில் பெண்களுடைய முறை எப்போது வரப்போகிறது?

நான் ஆசைப்படுவது பெரிய காரியமன்று. நாலு லீக்குகளிலிருந்தும் லீக்குக்கு இரண்டாக எட்டுக் கழகங்கள். மழை வற்றிய மாசியில் தொடங்கி, சோளகம் எழுமுன் வைகாசியில் முடிகிற 14 சனிக்கிழமைகள். அரியாலைப் பயிற்சி மைதானமும் துரையப்பாவும் ஊர் மைதானங்களும் போதும். பாடசாலைப் போட்டிகளும் சித்திரை வருஷப்பிறப்பும் பெரிய வெள்ளியும் தவிர வேறு தடங்கல் அதிகமில்லை. ஞாபகார்த்தப் போட்டிகளை எவரும் நிறுத்தவேண்டியதில்லை; அவை ஆடி, ஆவணியில் வழக்கம்போல் நடக்கட்டும். இதை நான் அந்தத் தனாதிகாரியிடம் விளக்கிச் சொன்னேன். அவர் கொப்பியை மூடி, பேனையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்:

“நல்ல யோசினை, அண்ணை. செய்யத்தான் வேணும். ஆனா வாற மாசிக்கு எங்கட நாற்பதாவது ஆண்டுச் சுற்றுப்போட்டிக்கு நோட்டீஸ் அடிச்சாச்சு. முப்பத்திரண்டு ரீம்.”